"நான்தான்" என்பதற்கு ஆங்கிலம் யாது?

சென்ற விடுமுறையிற் பொம்மிடியிலிருந்து விடுதித் தலைவருக்கு நாம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரைந்தோம். விடுதியின் ஜன்னற் கண்ணாடி உடைந்த பழி வேறொரு மாணவர்மீது வீழ்ந்திருந்தது. "நான்தான் உடைத்தேன்" என்று ஒப்புக்கொள்வதே நம் கருத்து. எழுதியதோ, "ஐ ஒன்லி புரோக் தி கிளாஸ்" என்பது. "கண்ணாடியைத்தானே உடைத்தேன், வேறென்ன செய்துவிட்டேன்?" என்று அவர் பொருள் கொண்டார். பணிவோடு வேண்டிய மன்னிப்பு துடுக்காய் முடிந்தது!

இப்பிழையின் வேர் நம் தாய்மொழியில் உளது. நன்னூலார் ஏகாரத்திற்குக் கூறிய ஆறு பொருள்களுள் பிரிநிலையும் தேற்றமும் அடங்கும். "நானே உடைத்தேன்" என்னுமிடத்துப் பிறரினின்று தன்னைப் பிரித்தலும் துணிவுணர்த்தலும் அவ்வோரெழுத்தாலேயே ஆகின்றன. பேச்சுவழக்கில் "தான்" என்பது அத்தொழிலை மேற்கொள்ளும். ஆங்கிலத்தார் இவற்றை வேறுபடுத்துவர். பிறரல்லர், நானே என்று பிரித்துக் காட்ட, "இட் வாஸ் ஐ ஹூ புரோக் இட்" என்பர். பிறரை ஏவாது நேரே செய்தமையை வற்புறுத்தவே "மைசெல்ப்", "ஹிம்செல்ப்" முதலியன வரும். "தலைவர் தாமே கதவைத் திறந்தார்" என்பது, "தி வார்டன் ஹிம்செல்ப் ஓப்பன்ட் தி டோர்" என்றாகும். அச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைப்பினும் அமையும்.

இவ்வழுத்தச் சொல்லை நீக்கிப் பார்க்க. வாக்கியம் குறைவுறாது நிற்கும். "ஹி ஹர்ட் ஹிம்செல்ப்" என்பதில் நீக்கினால், காயமுற்றவர் யாரென்பதே மறைந்துபோம். அது தற்சுட்டு, அழுத்தமன்று. எழுவாய்க்குத் துணையாய் வருவதாகலின், "மைசெல்ப் கேம்" என்று தனித்து நிறுத்தலும் பிழை. "பை ஹிம்செல்ப்" என்றாலோ தனியே, துணையின்றி என்பதாம். பன்மையில் "யுவர்செல்வ்ஸ்" என வருதலை மறந்து "யுவர்செல்ப்" என்றே பலரையும் விளிப்பாருமுளர்.

தமிழ்த் "தான்" எளிதென்று எண்ணவேண்டா. 1856-இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் அதனைத் தனியே எடுத்து ஆராய்கின்றது. "அவன் தானே செய்தான்" என்று பிரித்தெழுதின், பிறர் உதவியின்றிச் செய்தான் என்றாம், "அவன்தானே செய்தான்?" என்று சேர்த்தெழுதின், அவன் அல்லனோ என்னும் வினாவாம். ஓர் இடைவெளி செய்யும் வேலை இது!

நாம் இரண்டாங் கடிதத்தில் "இட் வாஸ் ஐ" என்று தொடங்கினோம். கண்ணாடியின் விலையை நாமே செலுத்தினோம். மற்ற மாணவர் பழியினின்று நீங்கினார்.