பயறு வகைகளின் வேர்முடிச்சும் யூரியாவும்

உளுந்து, துவரை முதலிய பயிர்களை விதைத்த 30 நாட்களுக்குப்பின் மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் அலசிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் காணப்படும். இவற்றை நூற்புழுவினால் உண்டாகும் வீக்கமென எண்ணி அஞ்சுவோர் உளர். நூற்புழுவின் வீக்கத்தில் வேரே தடித்துவிடும், அஃது உதிராது. நல்ல முடிச்சோ வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும்.

இம்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் கிருமிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிப் பயிருக்களிக்கின்றன. முடிச்சுகளால் பயிர் காற்றின் நைட்ரஜனைப் பெறுகிறதென்பதை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் 1886-ம் வருஷத்தில் வெளியிட்டனர். எனினும், கிருமி வந்த மாத்திரத்தில் முடிச்சு உண்டாவதில்லை; செடியின் இசைவும் வேண்டும்.

இவ்விசைவைத் தரும் மரபணுக்களுள் முக்கியமானது 'நின்' எனப்படுவது. லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்னும் சிறு செடியில் இது கண்டறியப்பட்ட செய்தி 1999-ல் வெளியாயிற்று. பெயரில் லோட்டஸ் எனினும் இச்செடி தாமரையன்று, பயறு இனத்தது. இம்மரபணு பழுதுற்ற செடியில், கிருமி நெருங்கியபோது வேர்த்தூவிகள் சுருண்டனவேயன்றி, கிருமி உட்புகவுமில்லை, முடிச்சு உண்டாகவுமில்லை. கொத்தர்களை ஏவி வீடு கட்டுவிக்கும் மேஸ்திரியைப் போல, 'நின்' பிற மரபணுக்களை ஏவி முடிச்சைக் கட்டுவிக்கிறது.

முடிச்சிலுள்ள கிருமிகளுக்கு உணவாகும் சர்க்கரை செடியின் இலைகளிலிருந்தே செல்லவேண்டும். ஆகையால், மண்ணில் நைட்ரேட்டு மிகுந்திருப்பின், செடி இச்செலவை மேற்கொள்வதில்லை. 'நின்' செய்யும் வேலை அடக்கப்படுகிறது. பயறுக்கு யூரியாவை அள்ளியிடுவோர் இவ்வாறு இருவகையில் நஷ்டமடைகின்றனர்: உரத்தின் விலை ஒன்று, காற்றிலிருந்து இலவசமாய்க் கிடைக்கவேண்டிய தழைச்சத்து மற்றொன்று.

முடிச்சுகள் வேலை தொடங்கும்வரை இளம்பயிரைத் தாங்குவதற்குச் சிபாரிசு செய்யப்பட்ட சிறிதளவு தழைச்சத்தை அடியுரமாக இட்டாற் போதும். அந்தந்தப் பயிருக்குரிய ரைசோபியக் கலவையை ஆறின அரிசிக் கஞ்சியிற் கலந்து, விதையிற் படியும்படி புரட்டி, நிழலில் உலர்த்தித் தாமதமின்றி விதைத்தல் வேண்டும். வெயிலிற் காயவைத்தால் கிருமிகள் மடியும். வயலில் நீர் தேங்கினால் முடிச்சுகளுக்குக் காற்றுக் குறைந்து அவற்றின் வேலை குன்றும்.

மேலுரமிடும் எண்ணமுள்ளோர் முதலில் வயலின் பல இடங்களிற் சில செடிகளைத் தோண்டி, முடிச்சுகளைக் கீறிப் பார்த்தல் நலம். கிராம உத்தியோகஸ்தர்களும் இச்சோதனையை வயலிலேயே பலரறியச் செய்து காட்டலாம். முடிச்சுகள் மிகுந்து உள்ளே சிவந்திருக்கும் வயலில் யூரியா மூட்டையைப் பிரிக்கவேண்டிய அவசியமில்லை.