மனச்சிதைவு: குடும்பத்தில் இறங்குவது எது?

மனச்சிதைவு நோய் குடும்ப வழியில் வருகிறது. ஆனால் நோயாளிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இந்த இரண்டு செய்திகளும் உண்மையே. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்களால் உலகில் நேர்ந்த கொடுமைகள் கொஞ்சமல்ல.

இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ தனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு தொடர்பறுவது, மெல்ல எல்லோரிடமிருந்தும் ஒதுங்குவது ஆகியவை இந்நோயின் முக்கிய அறிகுறிகள். இது ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடும். பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். உடன்பிறந்தவருக்கோ பெற்றோரில் ஒருவருக்கோ நோய் இருந்தால், வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவுக்கு உயர்கிறது. தாய், தந்தை இருவருமே நோயாளிகள் என்றால் நாற்பதைத் தாண்டுகிறது. சித்தப்பா, அத்தை போன்ற உறவினருக்கு இருந்தால் மூன்று, நான்கு என்று இறங்கிவிடுகிறது. கல்யாணப் பேச்சில் "அந்தக் குடும்பத்தில் அது இருக்கிறது" என்று தாழ்ந்த குரலில் சொல்லப்படும்போது பத்து என்ற எண் யார் மனதிலும் இருப்பதில்லை, நூறுதான் இருக்கிறது.

குடும்பத்தில் ஒரு நோய் தொடர்வதால் மட்டும் அது மரபணு வழி வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே வீடு, ஒரே வறுமை, ஒரே சண்டை சச்சரவு இவையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கிடைப்பவைதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க இரட்டையரும் தத்துப் பிள்ளைகளும் உதவினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுதும் ஒன்று. இருகரு இரட்டையர் சாதாரண உடன்பிறப்புகளைப் போல் பாதியைத்தான் பகிர்கிறார்கள். டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஒருகரு இரட்டையரில் 33 சதவீதமாகவும் இருகரு இரட்டையரில் 7 சதவீதமாகவும் இருந்தது. பழைய ஆய்வுகள் ஒருகரு இரட்டையருக்கு 50 சதவீதம் வரைகூடச் சொல்லியிருந்தன. எப்படிப் பார்த்தாலும் மரபணுவின் கை இதில் இருக்கிறது. அதே சமயம், மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் இரட்டையரில் பாதிப் பேராவது நோயிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

தத்துப் பிள்ளைகள் பற்றி 1966-இல் லெனர்ட் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வு சிறியது, ஆனால் தெளிவானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநில மனநல மருத்துவமனைகளில் இருந்த தாய்மார்களுக்குப் பிறந்து, மூன்று நாட்களுக்குள் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட 47 பேரை அவர் பெரியவர்களான பிறகு தேடிப் பிடித்தார். ஐந்து பேருக்கு மனச்சிதைவு இருந்தது. நோயில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து அதேபோலப் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. நோயுற்ற தாயின் முகத்தையே அறியாமல் வளர்ந்தவர்களுக்கும் நோய் வந்ததால், வளர்ப்புதான் காரணம் என்ற வாதம் ஆட்டம் கண்டது. வளர்ப்புக்குப் பங்கே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. பின்லாந்தில் பெக்கா டியெனாரி நடத்திய தத்துப் பிள்ளை ஆய்வில், மரபு வழி ஆபத்து உள்ள குழந்தைகள் அமைதியான வீடுகளில் வளர்ந்தபோது நோய் குறைவாகவும், குழப்பமான வீடுகளில் வளர்ந்தபோது மிகுதியாகவும் தெரிந்தது.

இந்நோய் எண்பது சதவீதம் மரபு சார்ந்தது என்று மருத்துவ நூல்கள் சொல்வது பலரைக் கலங்கடிக்கிறது. நோயாளியின் பிள்ளைக்கு எண்பது சதவீத வாய்ப்பு என்பது அதன் பொருளல்ல. ஒரு பெரிய மக்கள்தொகையில் சிலருக்கு நோய் வருவதும் மற்றவர்களுக்கு வராததுமான வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளோடு இணைத்துச் சொல்லலாம் என்பதற்கான கணக்கு அது. தனி மனிதர் ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் வாழ்ந்த கால்வின் குடும்பம் இதற்கெல்லாம் கண்கூடான சாட்சி. 1945-க்கும் 1965-க்கும் இடையே டான், மிமி தம்பதிக்குப் பத்து ஆண்களும் இரண்டு பெண்களுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆண்களில் ஆறு பேருக்கு மனச்சிதைவு. அதே பெற்றோருக்குப் பிறந்து அதே வீட்டில் வளர்ந்த மற்ற ஆறு பேருக்கு இல்லை. தாயின் குணமே பிள்ளைகளை நோயாளியாக்குகிறது என்று மனநல மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது. பிள்ளைகளின் நோயோடு அந்தப் பழியையும் மிமி சுமக்க நேர்ந்தது. லின் டிலிசி என்ற ஆய்வாளர் இக்குடும்பத்திடம் சேகரித்த இரத்த மாதிரிகளில், மூளைச் செல்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள உதவும் ஷாங்க்2 என்ற மரபணுவில் ஒரு திரிபு இருப்பது பல ஆண்டுகள் கழித்து, 2016-இல் வெளியானது.

இப்படி ஒரே திரிபு கையில் சிக்குவது அரிது. 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, ஏறத்தாழ 77,000 நோயாளிகளின் மரபணுத் தொகுதிகளை நோயற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது மிகச் சிறிய அளவே. அவற்றில் பல, நோயே வராத எல்லோரிடமும் ஏதோ ஒரு கலவையில் இருக்கின்றன. விதிவிலக்காக, 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவோ அதை ஒத்த மனநோயோ வருகிறது. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரைப் பற்றியவை. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து 2019-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு, எட்டாம் குரோமோசோமில் நியாசின் என்ற வைட்டமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தைச் சுட்டியது.

பரம்பரை நோயை வேரறுக்கிறோம் என்று புறப்பட்ட நாஜி ஜெர்மனி, 1933-இன் சட்டத்தால் சுமார் நான்கு லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. பின்னர் மனநோயாளிகளைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றது. மனச்சிதைவுக் குடும்ப ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின்தான் அந்தச் சட்டத்தின் விளக்கவுரையை எழுதியவர்களுள் ஒருவர். போருக்குப் பின் அங்கே மனச்சிதைவு புதிதாக வருவது குறையவில்லை. குறைந்திருந்தால்தான் வியப்பு: நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோர் நோயற்றவர்கள்.

மரபணுவோடு சேரும் மற்றக் காரணங்களும் ஓரளவு தெரிந்தவையே. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் வாடியபோது கருவானவர்களுக்கு, பின்னாளில் மனச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. பிரசவச் சிக்கல்கள், தந்தையின் முதிர்ந்த வயது, இளவயதில் மிகுதியாகக் கஞ்சா புகைப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இந்தப் பட்டியலில் ஒருவர் தாமாகவே தவிர்க்கக்கூடியது கஞ்சாதான். குடும்பத்தில் நோய் உள்ள இளைஞர்களிடம் மருத்துவர்கள் அதை அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மற்ற மனநோய்களில் மரபின் பங்கு வேறுபடுகிறது. இருதுருவ மனநோயில் அது மனச்சிதைவுக்கு அருகில் நிற்கிறது. மனச்சோர்வு நோயில் ஏறத்தாழ 37 சதவீதம்தான். இந்நோய்களுக்கிடையே பல மரபணுக்கள் பொதுவாக இருப்பதால், ஒரே குடும்பத்தில் தாத்தாவுக்கு ஒன்றும் பேத்திக்கு வேறொன்றுமாக வருவதுண்டு.

ஒருவருக்கு மனச்சிதைவு வருமா வராதா என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்று இல்லை. 22-ஆம் குரோமோசோம் குறைபாட்டை மட்டும், பிறவி இதயக் கோளாறோ அண்ணப்பிளவோ கூடவே இருந்தால், மருத்துவர்கள் சோதித்துப் பார்ப்பதுண்டு. மற்றபடி குடும்ப வரலாற்றைக் கேட்டறிவதோடு மரபு பற்றிய விசாரணை முடிகிறது. அந்த வரலாறு மறைக்கப்படாமல் இருந்தால், இளைஞர் ஒருவர் தூக்கமிழந்து, படிப்பில் சரிந்து, அறைக்குள் ஒடுங்கத் தொடங்கும்போதே மருத்துவர் நோயைச் சந்தேகித்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட முடிகிறது.