ஞாயிற்றுக்கிழமைக் கதைகள்

அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வேதாகமக் கதை சொல்லும் திருச்சபை வழக்கம் ஞாயிறு பள்ளியிலிருந்து கிளைத்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற செய்தித்தாள் வெளியீட்டாளர் 1780-இல் அத்தகைய பள்ளியைத் தொடங்கி, பின்னர் தம் இதழ் வழியே அதைப் பரவச் செய்தார். அங்கே ஏழைக் குழந்தைகள் வாரத்தில் ஆறு நாள் குண்டூசித் தொழிற்கூடங்களில் உழைத்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. அன்று அவர்களுக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லித்தரப்பட்டன, பாடநூல் வேதாகமம். சமயப் பணியும் எழுத்தறிவுப் பணியும் அப்போது ஒன்றாகவே நடந்தன.

எழுத்தே தேவைப்படாத ஒரு நூலும் பின்னர் வந்தது. லண்டன் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் 1866-இல் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று பக்கங்கள் மட்டும் கொண்ட சொல்லில்லாப் புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். பாவம், கிறிஸ்துவின் இரத்தம், தூய்மை என்பது அவற்றின் பொருள். 1875-இல் நற்செய்திப் பிரசங்கியார் டி.எல். மூடி பரலோகத்தைக் குறிக்கப் பொன்னிறத்தைச் சேர்த்தார். திருநெல்வேலிச் சீமையில் பணிசெய்த ஏமி கார்மைக்கேலும் இந்த நிறங்களைத் துணிக்கொடியாக்கிப் பயன்படுத்தினார். எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ளலாம் என்பது இதன் பலம். ஆனால் நான்கு நிறம் சொல்வது கோட்பாட்டைத்தான். ஆளும் ஊரும் நிகழ்ச்சியும் இருந்தால்தான் குழந்தைக்கு அது கதை.

அந்தக் குறையைத் தீர்த்தது பிளானல் பலகை. சொரசொரப்பான துணி போர்த்திய பலகையில், முதுகில் அதே துணி ஒட்டிய காகித உருவங்கள் பசையில்லாமலே பற்றிக்கொள்ளும். கலிலேயாக் கடல் கதையைச் சொல்பவர் முதலில் நீலத் துணியை மட்டும் காட்டுவார். பிறகு படகு, சீஷர்கள், கறுத்த மேகம் என ஒவ்வொன்றாக ஒட்டுவார். படகில் தூங்கும் இயேசுவின் உருவத்தைக் கடைசி வரை கையிலேயே வைத்திருப்பார். அலை ஏறும்போது அவர் எங்கே என்று குழந்தைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வி எழும் வரை பொறுத்திருப்பதில்தான் இந்தக் கலையின் நுட்பமே இருக்கிறது.

விடுமுறை வேதாகமப் பள்ளி நியூயார்க்கில் 1898-இல் எலைசா ஹாஸ் நடத்திய கோடை வகுப்புகளால் வேரூன்றியது. பெரியவர்கள் வேலைக்குப் போக, தெருவில் திரிந்த குழந்தைகளுக்காக அவை நடந்தன. தமிழ்நாட்டில் இது விபிஎஸ் என்ற ஆங்கிலச் சுருக்கத்தாலேயே வழங்குகிறது. கோடை விடுமுறையில் சில நாள் காலை நேரத்தில் கையசைத்துப் பாடும் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை எனப் போகும். நிறைவு நாளில் பெற்றோர் முன்னே குழந்தைகள் நடித்துக் காட்டுவார்கள். வசனம் மறந்துபோனாலும், தாவீதாக நின்று கவண் சுழற்றியது மறக்காது. தானே நடித்த கதையைக் குழந்தை தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது.

வேறொரு பாதையை ரோமில் சோஃபியா கவல்லெட்டியும் ஜியான்னா கொப்பியும் 1954-இல் திறந்தார்கள். மரியா மாண்டிசோரியின் கல்வி முறையைத் தழுவி, நல்ல மேய்ப்பன் உவமையைச் சிறு மர உருவங்களால் சொன்னார்கள். அமெரிக்காவில் ஜெரோம் பெரிமன் அதிலிருந்து ‘காட்லி பிளே’ என்ற முறையை வளர்த்தார். இதில் கதைசொல்லி தரையில் அமர்ந்து, பச்சைத் துணியை விரித்து, ஆடுகளை மெதுவாக நகர்த்துவார். அவர் பார்வை குழந்தைகள் மேல் அல்ல, உருவங்கள் மேலேயே இருக்கும். கதை முடிந்ததும் பாடம் சொல்ல மாட்டார். அந்த ஆடுகளுக்குப் பெயர் இருக்குமோ, இருட்டில் அவை எப்படி உணர்ந்திருக்குமோ என்று வியந்து கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இம்முறைகளில் குழந்தையை அதிகம் மதிப்பது இதுவே.

கதையின் முடிவில், இயேசுவை ஏற்றுக்கொள்வதாகக் கையுயர்த்தித் தீர்மானம் எடுக்கச் சொல்லும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. பக்கத்தில் இருப்பவன் தூக்கினால் தானும் கை தூக்கும் வயது அது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் இன்னும் எளிதாகத் தூக்கும். அதை விசுவாசம் என்று எண்ணுவது தவறு. பிற சமயக் குடும்பங்களின் பிள்ளைகளும் வரும் இடத்தில், என்ன கதை, எதற்காக என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் பெறுவது கட்டாயம். குழந்தையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திருக்கக் கூடாது என்ற விதியையும் இன்று பல சபைகள் வைத்திருக்கின்றன.