பிஸ்கோத்து வந்த பாதை

சிஞ்ச்வட்டில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களுள் பிஸ்கட் பொட்டலம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அதிகாலைப் பணிக்குப் புறப்படுவோருக்குத் தேநீருடன் அதுவே துணை. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைகளுக்கும், சொல்லாமல் வரும் விருந்தினருக்கும் உடனே எடுத்து வைப்பதும் அதுவே. இவ்வளவு நெருங்கிப் பழகிய பண்டத்தின் வரலாற்றை நாம் சற்று அறிந்துகொள்வது நலம்.

நம் பாட்டிமார் இதனைப் 'பிஸ்கோத்து' என்பர். போர்த்துக்கீசியர் வழியாக நம் மொழியில் கலந்த சொல் இது. இதன் இலத்தீன் மூலத்திற்கு 'இருமுறை சுட்டது' என்பது பொருள். ஈரம் வற்றச் சுட்ட பண்டம் எளிதில் கெடாது. ஆகவே நெடுங்கடல் செல்லும் மாலுமிகளுக்கு அது கட்டுச்சோறாயிற்று.

நம் நாட்டில், 1892-ல் கல்கத்தாவில் ஒரு சிறு வீட்டில் 295 ரூபாய் முதலுடன் தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் பிரிட்டானியாவாக வளர்ந்தது. 1918-ல் ஹோம்ஸ் என்னும் ஆங்கில வணிகர் அதில் பங்காளியானார். ஆயினும் அந்நாளில் பிஸ்கட் வெள்ளையர் உணவாகவே கருதப்பட்டது. முட்டை கலந்ததோ, எவர் கைபட்டதோ என்று வைதிகக் குடும்பத்தினர் அஞ்சினர். இவ்வச்சத்தைப் போக்கவே 1898-ல் தில்லியில் 'இந்து பிஸ்கட் கம்பெனி' தோன்றியது. மாவு பிசைவது முதல் பொட்டலம் கட்டுவது வரை உயர்சாதியினரே செய்வதாக அது விளம்பரம் செய்தது. உண்ணும் பண்டத்தைவிடச் செய்யும் கையின் சாதியைப் பெரிதாக எண்ணிய காலம் அது!

சாமானியனின் கைக்குப் பிஸ்கட்டைக் கொணர்ந்தோருள் முதன்மையானவர், நாம் வாழும் இம்மாநிலத்திலேயே தொழில் தொடங்கிய மோகன்லால் தயாள் சௌஹான். பட்டு வணிகரான அவர், சுதேசி இயக்கத்தால் உந்தப்பெற்று, 1929-ல் பம்பாயை அடுத்த விலே பார்லேயில் மிட்டாய்த் தொழிற்சாலை நிறுவினார். ஊர்ப் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துப் 'பார்லே குளுகோ' பிஸ்கட் வெளிவந்தது. உப்புச் சுவையுள்ள மொனாக்கோவும், 1972-ல் இனிப்பும் உப்பும் கலந்த கிராக்ஜாக்கும் பின்தொடர்ந்தன.

குளுகோஸ் என்பது பொதுப்பெயர். எவரும் தம் பொட்டலத்தில் அதனை அச்சிடலாம். போட்டி பெருகவே, 1980-களில் 'பார்லே-ஜி' என்னும் தனிப்பெயர் சூட்டப்பட்டது. உறையிலுள்ள குழந்தை இன்னார்தாம் என்று பலரும் கதை சொல்வதுண்டு. உண்மையில் அது 1960-களில் மகன்லால் தைய்யா என்னும் ஓவியர் வரைந்த கற்பனை உருவமே என்று நிறுவனத்தார் விளக்கியுள்ளனர்.

புனேவுக்கெனத் தனிப்பெருமையும் உண்டு. இரானியக் குடும்பத்தார் 1955-ல் தொடங்கிய கயானி பேக்கரியின் வெண்ணெய் மணக்கும் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டை, ஊருக்குப் புறப்படும் நம்மவர் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்வர். எனினும் அது விழா நாள் விருந்து. பார்லே-ஜியோ நாள்தோறும் பசியாற்றுவது.

2011-ல் உலகிலேயே மிகுதியாக விற்கும் பிஸ்கட் பார்லே-ஜி என நீல்சன் ஆய்வு அறிவித்தது. அவ்விற்பனையின் உட்பொருளை 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாடு கண்கூடாகக் கண்டது. வேலையிழந்து சொந்த ஊர் நோக்கி நடந்த தொழிலாளர் பலரின் கையில் இருந்தது இச்சிறு பொட்டலமே. 3 கோடிப் பொட்டலங்களை இலவசமாக வழங்குவதாக நிறுவனம் அப்போது அறிவித்தது. பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நாம் இக்காட்சியை எளிதில் மறத்தலாகாது. ஆதித் தொழிற்சாலையான விலே பார்லே ஆலை 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. பிஸ்கட்டோ பிற ஆலைகளிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது.

நிற்க. நம் இல்லத்தரசியர் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஏழை வாங்கும் பொட்டலத்தின் விலையை உயர்த்தினால் விற்பனை குறையும். ஆகவே விலையை விடுத்து எடையைக் குறைப்பதே இத்தொழிலின் வழக்கமாயிற்று. 1990-களின் நடுவில் 4 ரூபாய்க்குக் கிடைத்த 100 கிராம் பார்லே-ஜி இன்று 5 ரூபாய்க்குக் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பரில் பிஸ்கட்டின் மீதான சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதன் பயன் நம்மை வந்தடைந்ததா என்பதை உறையிலுள்ள நிகர எடையே கூறும். விலையோடு எடையையும் ஒப்பிட்டு வாங்குவோமாக.

மற்றொன்று. குளுகோஸ் என்னும் பெயரைக் கண்டு, இதுவே குழந்தைக்குப் போதிய ஊட்டம் என மயங்குதல் கூடாது. கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயுமே இதில் பெரும்பகுதி. வேலைக்கு விரையும் பெற்றோருக்குக் காலை நேரம் போதாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் முதல்நாள் மாலை அரைத்து வைத்த மாவில் இரண்டு இட்டலி வார்க்க நெடுநேரம் ஆகாது. பிஸ்கட் வழித்துணையாக இருக்கட்டும். சோற்றின் இடத்தை அதற்கு அளிக்க வேண்டா.