இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பது எப்படி?

பள்ளி ஆசிரியரிடமும் சுகாதாரப் பணியாளரிடமும் கிராம மக்கள் கொண்டுவந்து காட்டும் காகிதங்கள் பலவகை. பத்திர நகல், வங்கிக் கடிதம், ரேஷன் அட்டை ஆகியவற்றோடு இப்பொழுது இரத்தப் பரிசோதனைச் சீட்டும் சேர்ந்துகொண்டுள்ளது. டாக்டரைக் காண இன்னும் நான்கு நாட்கள் உள்ளன. சீட்டிலோ ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் அருகே ஓர் அம்புக்குறியும் காணப்படுகிறது. அந்நான்கு நாட்களில் இருவகைத் தீங்குகள் நேரக்கூடும். வீண் அச்சத்தினால் ஒருவர் கடையில் தாமே மருந்து வாங்கி உட்கொள்ளலாம். அல்லது அன்றைக்கே கவனிக்க வேண்டிய ஒன்றை நான்கு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டுவிடலாம். நோயைத் தீர்மானிப்பது டாக்டரின் பணி. சீட்டைப் பதறாமல் வாசிப்பதற்குத் துணை செய்வது நம்மால் இயலும்.

முதலில் அந்த அம்புக்குறியின் பொருளைக் காண்போம். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஓர் இயல்பு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். நோயற்ற பலரின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் நடுவில் உள்ள 95 சதவிகிதத்தினரின் அளவுகளை எடுத்துக்கொண்டு, இரு ஓரங்களிலும் இரண்டரை சதவிகிதத்தினரை விட்டுவிடுவார்கள். பெரும்பாலான வரம்புகள் இவ்வாறு அமைக்கப்பட்டவையே. ஆகவே, நல்ல உடல்நலம் உடையவரிலும் இருபதில் ஒருவர் வரம்பிற்கு வெளியே நிற்பார். ஒரே சீட்டில் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் இருப்பின், முழு ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு அவற்றுள் ஒன்றேனும் வரம்பு மீறித் தோன்றுவதற்குரிய வாய்ப்பு 64 சதவிகிதம். கணித ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம்: 0.95 என்பதை இருபது முறை பெருக்கி, விடையை ஒன்றிலிருந்து கழித்தால் போதும். வரம்பை இழையளவு தாண்டிய தனியொரு எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். வரம்பை வெகுதூரம் தாண்டிய எண்ணும், ஒரே திசையில் சாய்ந்து நிற்கும் பல எண்களும் வேறு வகையைச் சேர்ந்தவை.

வரம்பு எல்லோருக்கும் ஒன்றன்று. கிரியாட்டினின் என்னும் பொருள் தசையிலிருந்து தோன்றுவது. 1.0 மில்லிகிராம் என்ற அளவு மூட்டை சுமக்கும் இளைஞனுக்கு இயல்பானது. மெலிந்த மூதாட்டிக்கோ அதே அளவு சிறுநீரகத் தளர்ச்சியைக் குறிக்கக்கூடும். கடல் மட்டத்திற்குச் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் வாழ்வோரின் ஹீமோகுளோபின் சமவெளி மக்களுடையதைக் காட்டிலும் மிகுந்திருக்கும். காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைந்த இடத்தில் உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

இரத்தம் எடுத்த விதம்

சீட்டில் உள்ள எண் உடலை மட்டும் காட்டுவதில்லை. இரத்தம் எடுத்த விதத்தையும் காட்டுகிறது. களப் பணியாளர் இதை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். விரல் நுனியைக் குத்தி, இரத்தம் வராதபோது அழுத்திப் பிதுக்கினால், திசுக்களில் உள்ள நீர் இரத்தத்தோடு கலந்து ஹீமோகுளோபின் குறைவாகத் தோன்றும். நம் நாட்டின் பெரிய ஆய்வுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு விரல் நுனி இரத்தத்தைப் பயன்படுத்தியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவிகிதத்தினருக்கு இரத்த சோகை என்று கண்டது. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்து, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவிகிதம் என்றது. இரண்டிலும் வயதும் ஆண்டும் சற்று வேறுபட்டவையே. எனினும், இரத்தம் எடுத்த முறை முக்கிய காரணங்களுள் ஒன்று என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

சர்க்கரைச் சோதனையில் காலதாமதம் பெரிய பகை. குழாயில் அடைக்கப்பட்ட பின்னரும் இரத்த அணுக்கள் உயிருடன் இருந்து சர்க்கரையை உண்கின்றன. சாதாரண வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவிகிதம் குறையும். காலையில் 130 மில்லிகிராமாக இருந்த மாதிரி, ஃபுளோரைடு இடாத குழாயில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் பயணம் செய்தால் 115 அளவிற்கு இறங்கிவிடலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்பதே சர்க்கரை நோயின் எல்லை. நோயாளியை நலமுள்ளவர் என்று வீட்டிற்கு அனுப்ப ஒரு பஸ் பயணம் போதுமானதாகிறது! மறுபுறம், வேறு அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முறை 128 என வந்ததைக் கொண்டு நோய் உறுதியாகிவிடுவதும் இல்லை. மற்றொரு சோதனையும் அதை ஒப்புதல் வேண்டும்.

தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட்டுகள் குழாயில் உள்ள மருந்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சிலரிடம் உண்டு. அப்போது இயந்திரம் அவற்றைக் குறைவாக எண்ணிவிடும். காய்ச்சலோ இரத்தக் கசிவோ இல்லாத ஒருவருக்கு எண்ணிக்கை திடீரெனக் குறைந்து காணப்பட்டால், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேட்பது தகும்.

சோகையில் இருவகை

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் குறை ஹீமோகுளோபின் பற்றியதே. 100 மில்லிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமும், பெண்களுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு பொதுவாக 11 கிராமும் கீழ் எல்லைகளாகும். மேற்கூறிய 2019-21ஆம் ஆண்டு ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர் எல்லைக்குக் கீழே இருந்தனர். ஆகையால் சீட்டில் இக்குறையைக் கண்டவுடன் “இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு” என்று சொல்லிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது சரியாகவே அமையும். அமையாத இடத்தில்தான் அடுத்த இரண்டு வரிகள் உதவுகின்றன.

இரு பெண்களின் சீட்டுகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவரின் ஹீமோகுளோபின் 8.9, சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. 68, சிவப்பணு எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 42 லட்சம், அதாவது 4.2 மில்லியன். இரண்டாமவரின் ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 64, சிவப்பணு 5.6 மில்லியன். இருவருக்கும் அணுக்கள் சிறியவை. ஆனால் முதலாமவரிடம் அணுக்களின் எண்ணிக்கை உயரவில்லை. இரும்பு கிடைக்காத உடல் அணுக்களைச் சிறிதாகவும் போதாமலும் செய்கிறது. இரண்டாமவரிடம் அணுக்கள் சிறியவையாயினும் ஏராளம். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் முதலாமவருக்கு 16, இரண்டாமவருக்கு 11 எனக் கிடைக்கும். 1973இல் மெண்ட்ஸர் என்பவர் வெளியிட்ட இக்கணக்கின்படி, விடை 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா என்னும் பரம்பரைக் குறையை ஒருவர் தாங்கி நிற்கிறாரோ என ஐயுற வேண்டும்.

தாங்கி நிற்பவருக்குப் பெரும்பாலும் எவ்விதத் துன்பமும் இராது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இத்தகையோர் எனக் கணக்கிடப்படுகிறது. ஆனால் கணவன், மனைவி இருவருமே அதைத் தாங்குவோராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு: பிறக்கும் குழந்தை வாழ்நாள் முழுதும் பிறர் இரத்தத்தை ஏற்று வாழ வேண்டிய கடும் நோயுடன் பிறக்கக்கூடும். “இரும்புச் சத்துக் குறைவு” என்ற பெயரில் பல ஆண்டுகள் மாத்திரை கொடுத்துவந்த குடும்பத்தில், இவ்வுண்மை குழந்தை பிறந்த பிறகு தெரியவருவதை என்னவென்பது!

மெண்ட்ஸர் கணக்கு ஒரு குறிப்பே. அது தவறுவதும் உண்டு. இரண்டு குறைகளும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். உறுதி செய்வதற்கு ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை தேவை. அதை டாக்டரிடம் கேட்க வேண்டும். இக்கணக்கை நம்பிப் பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் நீல நிற மாத்திரையை ஆசிரியர்கள் எந்த மாணவிக்கும் நிறுத்திவிடக் கூடாது. அரிவாளணுச் சோகையும் பரம்பரையாக வருவதே. நீலகிரிப் பழங்குடியினரிடையே அது 1952இல் கண்டறியப்பட்டது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பெற்றது. அவ்வட்டாரங்களில் பணிபுரிவோர் அதனையும் நினைவிற் கொள்க.

மாத்திரை உட்கொள்வோரிடம் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு கிராமாவது உயர வேண்டும். உயராவிடில், மாத்திரை உண்மையில் விழுங்கப்பட்டதா, தேநீருடன் சேர்த்து உட்கொள்ளப்பட்டதா, எங்கேனும் இரத்தம் கசிகிறதா, வேறு வகைச் சோகையா என்ற கேள்விகள் எழுகின்றன. சர்க்கரைக்காக எடுக்கும் மூன்று மாதச் சராசரிச் சோதனையையும் சோகை குழப்பிவிடும். இரும்புக் குறை உள்ளவரிடம் அது உண்மையைக் காட்டிலும் கூடுதலாகத் தோன்றலாம். இரண்டையும் ஒரே சீட்டில் கண்டால் டாக்டரிடம் சேர்த்தே சொல்லல் வேண்டும்.

நான்கு நாள் காத்திருக்கலாகாதவை சில: கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்குதல்; இரத்தச் சர்க்கரை 300க்கு மேல் இருந்து வாந்தியும் அடங்காத தாகமும் காணுதல்; பொட்டாசியம் 6க்கு மேல் செல்லுதல்; தட்டணுக் குறைவோடு ஈறிலோ மலத்திலோ இரத்தம் காணுதல். இவற்றில் எண்ணை மறுமுறை சோதிப்பதையும் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம். அன்றே புறப்படுவது நலம்.

மற்றவர்கள் புறப்படுமுன் சீட்டின் பின்புறத்தில் சில செய்திகளைப் பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும். இரத்தம் எடுத்தபோது வயிறு வெறுமையாக இருந்ததா, எத்தனை மணி நேரம். அவ்வாரம் காய்ச்சல் இருந்ததா. பெண்களாயின் மாதவிலக்கு மிகுதியா. உட்கொள்ளும் மருந்துகள், சத்து மாத்திரைகள், நாட்டு மருந்துகள் யாவை. பழைய சீட்டுகள் இருப்பின் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு செல்க. சென்ற ஆண்டு 13.5 இருந்த ஹீமோகுளோபின் இவ்வாண்டு 12.1 என்றால் ஒரு பெண்ணின் சீட்டில் அம்புக்குறி எதுவும் விழாது. அவ்விறக்கத்தை இரு சீட்டுகளையும் அருகருகே வைத்தால்தான் டாக்டரால் காண முடியும்.