மாரடைப்புக்கு எல்லைக்கோடு எங்கே?

1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுன் நகரின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் பெயர் மறுநாளே உலகமெங்கும் பரவியது. அதே குழுவில் அவருடைய தம்பி மரியஸ் பர்னார்டும் இருந்தார். அண்ணனுக்குக் கிடைத்த புகழ் தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இன்று எத்தனையோ வீடுகளின் பீரோவில் இருக்கும் தீவிர நோய்க் காப்பீட்டுப் பாலிசி பிறந்தது தம்பியின் யோசனையால்தான்.

மரியஸ் தன் நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப ஒரு கொடுமையைக் கண்டார். அறுவை முடிந்து பிழைத்து வீட்டுக்குப் போகிறவரால் பல மாதங்கள் வேலை பார்க்க முடிவதில்லை. சம்பளம் நின்றுவிடும், வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் நிற்காது. ஆயுள் காப்பீடு இறந்தால் பணம் தரும். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். பிழைத்தவர் அன்றாடம் வாழ்வதற்கு இரண்டிலுமே வழியில்லை. மருத்துவம் முன்னேற முன்னேற இப்படிப் பிழைப்பவர்கள் பெருகத்தான் செய்வார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. 1983-ல் தென்னாப்பிரிக்காவின் க்ரூசேடர் லைஃப் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த பாலிசியில் நான்கே நான்குதான் இருந்தன: மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் அறுவை. பாலிசி சொல்லும் நோய் உறுதியானால் மொத்தத் தொகையும் கைக்கு வரும். அதை எதற்குச் செலவழித்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

யாருக்கு எப்போது என்ன நோய் வரும் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பிறகு இதற்கு எப்படி விலை வைப்பது? இதற்கான விடையை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்தின் பாதிரியார்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடிக் காப்பீடு செய்துகொண்டதற்கு அவர்களே அருமையான முன்னோடிகள். இறந்துபோகும் பாதிரியார்களின் மனைவி மக்கள் தெருவில் நிற்கக் கூடாது என்று 1740-களில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு பாதிரியார்கள் நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் கணக்கைச் சரிபார்த்துத் தந்தார். எந்த நேரத்திலும் உயிரோடு இருக்கும் பாதிரியார்கள் சுமார் 930 பேர், ஆண்டுக்குச் சராசரியாக இறப்பவர்கள் 27, அவர்களில் 18 பேர் மனைவியை விட்டுச் செல்வார்கள். எந்தப் பாதிரியார் இறப்பார் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. எத்தனை பேர் என்பது மட்டும் போதுமானதாக இருந்தது. 1765-ல் நிதியில் 58,348 பவுண்டு சேர்ந்திருக்கும் என்று கணித்தார்கள். அந்த ஆண்டு வந்தபோது இருந்தது 58,347. தனி மனிதனின் விதி கைக்கு அகப்படாதபோது கூட்டத்தின் விதி இவ்வளவு துல்லியமாக அகப்படுகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்த கூட்டம் என்பதைப் பொறுத்தே கணக்கு நிற்கும். உடம்பில் ஏதோ சரியில்லை என்று உள்ளூரத் தெரிந்தவர்தான் பாலிசி எடுக்க முந்துவார். அவர்கள் பெருகினால் பிரீமியம் ஏறும், பிரீமியம் ஏறினால் திடமாக இருப்பவர்கள் விலகுவார்கள், அதனால் மேலும் ஏறும். சந்தைகளைக் குலைக்கும் இந்தச் சுழலைப் பற்றி ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரை, 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாக இருந்தது. தன் உறுப்பினர்களுக்கு மொத்தமாகக் குழுப் பாலிசி எடுக்கும் தொழிற்சங்கமோ வழக்கறிஞர் சங்கமோ ஆடிட்டர்களின் அமைப்போ இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது. யாரும் கட்டி வந்துவிட்டதே என்று வழக்கறிஞர் ஆவதில்லை. காப்பீடு வாங்குவதையே முக்கிய நோக்கமாக வைத்துக் குழு சேர்க்கக் கூடாது என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருப்பதற்கும் இதுதான் அடிப்படை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சேர்ந்தால்தான் சங்கத்தின் பலம் வேலை செய்யும். பத்துப் பேர் மட்டும் சேர்ந்தால் அந்தப் பத்துப் பேர் யார் என்ற பழைய சந்தேகம் திரும்பி வந்துவிடும்.

இதுவரை எல்லாம் எண்களின் கதை. உண்மையான சிக்கல், நோய் என்று எதைச் சொல்வது என்பதில் இருக்கிறது.

மாரடைப்பையே எடுத்துக்கொள்வோம். இதயத் தசைச் செல்லுக்குள் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறது. தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. ரத்தம் கிடைக்காமல் செல் செத்தால் அது உடைந்து ரத்தத்தில் கசியும். சில மணி நேரத்தில் அளவு ஏறிவிடும், பல நாட்களுக்கு இறங்காது. ட்ரோபோனின் பரிசோதனை பரவலாவதற்கு முன்பு, நெஞ்சுவலி, இசிஜி, என்சைம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் மாரடைப்பு என்று முடிவு செய்வார்கள். 2000-ல் ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வரையறையை மாற்றின. ரத்த ஓட்டக் குறைவால் ஒரு துளி தசை செத்து, அதை ட்ரோபோனின் காட்டிக்கொடுத்தாலும் அது மாரடைப்புதான் என்றாயிற்று. முந்தைய ஆண்டு கடும் நெஞ்சுவலி என்று எழுதி அனுப்பப்பட்டிருக்கக்கூடிய பலர் அதன்பின் மாரடைப்பு நோயாளிகள் ஆனார்கள். அவர்களின் இதயத்தில் எதுவும் மாறவில்லை, கருவியின் பார்வைதான் கூர்மையானது. முப்பது ஆண்டுகளுக்கு விலை பேசி முடித்த நிறுவனத்துக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

தென்கொரியாவில் இது இன்னும் பெரிதாக நடந்தது. 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அதற்குப் போனவர்கள் கூடவே தைராய்டுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்நோயால் இறப்பவர்களின் விகிதமோ ஏறவே இல்லை. எந்தத் தொல்லையும் தராமல் ஆயுள் முழுக்கக் கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகளை ஸ்கேன் தேடிப் பிடித்துவிட்டது.

ஆகவே பாலிசி, சரிந்து இறங்கும் நிலத்தில் ஓர் இடத்தில் கோடு போட்டாக வேண்டியிருக்கிறது. இந்தியாவின் பொது வரையறைகளில் அந்தக் கோட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். பக்கவாதம் என்றால் நரம்புப் பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்ததற்குச் சான்று வேண்டும். ஒரே நாளில் சரியாகிவிடும் சிறு தாக்குதல் சேராது. பரவத் தொடங்காமல் தோன்றிய இடத்திலேயே நிற்கும் புற்றுநோய் சேராது, மிகச் சிறிய தைராய்டு கட்டி சேராது. பைபாஸ் என்பது மார்பைத் திறந்தோ சிறு துளை வழியாகவோ செய்யும் அறுவை. ஸ்டென்ட் வைப்பது அதில் அடங்காது. பெரும்பாலான பாலிசிகளில் முதல் 90 நாட்களுக்குள் நோய் வந்தால் பணம் இல்லை. நோய் உறுதியான பின் 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பரவலாக உண்டு.

கோடு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். அது இல்லாவிட்டால் பிரீமியம் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் நெஞ்சில் மூன்று ஸ்டென்ட்டோடு வீடு திரும்பிய ஒருவர், தன் பாலிசி அதற்குப் பொருந்தாது என்பதைக் கிளெய்ம் நிராகரிப்புக் கடிதத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது அநியாயம். தனியாளாக வாங்குகிறவர் அச்சடித்த வரையறையை அப்படியே ஏற்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடு வரும் சங்கத்தால் பேரம் பேச முடியும். ஆரம்ப நிலைப் புற்றுநோய்க்கும் ஸ்டென்ட்டுக்கும் தொகையில் ஒரு பங்காவது கொடுங்கள் என்று கேட்கலாம். குழுப் பாலிசி சங்கத்தின் பெயரில் இருப்பதால், உறுப்பினர் விலகினாலோ சங்கம் புதுப்பிக்காமல் விட்டாலோ பாதுகாப்பும் போய்விடும். அது பெரும்பாலும் நோய் நெருங்கும் வயதாகவே இருக்கும். அப்போது உடல் பரிசோதனை இல்லாமல் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பொதுக்குழுவில் பிரீமியம் எவ்வளவு என்று யாராவது தவறாமல் எழுந்து கேட்கிறார்கள். இந்த இரண்டையும் அந்த மேடையிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.