நாலரை மணித்தியாலம்

வெருகலில் ஒருவருக்கு இரவு 10 மணிக்கு வாய் கோணி, வலது கை தொய்கிறது என்று வைத்துக்கொள்வோம். படுத்தெழும்பினால் சரிவரும் என்று நினைக்கிறார்கள். விடிந்ததும் வாகனம் பிடிக்கிறார்கள். ஆனால் மூளை இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் இரவு 2.30க்கே முடிந்துவிட்டது. பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதைப் போடவேண்டும் என்பதே வழமையான வரம்பு. அதற்குள்ளும் முந்திப் போட்டால் பலன் கூட. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு கணக்கு.

திருகோணமலை மாவட்டத்தில் இந்த நேரக் கணக்குக்குத் தனிக் கனம் உண்டு. துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் சுற்றி ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நோயாளியும் பாதைப் படகுக்காகக் கரையில் காத்திருந்தார். இன்று பாலம் இருக்கிறது, 1990 இலவச அம்புலன்ஸும் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் தாமதத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது: எண்ணெய் பூசித் தேய்ப்பது, பார்வை பார்ப்பது, வெளியூரிலுள்ள மகனுக்கு அழைத்து யோசனை கேட்பது. அன்பினால் செய்வதுதான், ஆனால் போன நேரம் திரும்பாது.

பாரிசவாதம் இரண்டு வகைப்படும். குழாய் அடைபட்டு மூளைக்கு இரத்தம் போகாமல் நிற்பது ஒன்று, பெரும்பான்மை இதுவே. குழாய் வெடித்து இரத்தம் மூளைக்குள்ளோ அதைச் சுற்றியோ கசிவது மற்றது. ஒன்றுக்குக் கட்டியைக் கரைக்க வேண்டும், மற்றதற்கு இரத்தக் கசிவை நிறுத்த வேண்டும். முதலாவதின் மருந்து இரண்டாவதில் ஆளைக் கொன்றுவிடலாம். எந்த அனுபவசாலி வைத்தியராலும் முகத்தைப் பார்த்து மட்டும் இதைப் பிரித்தறிய முடியாது, சி.டி. ஸ்கேன் வேண்டும். மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல வீட்டிலேயே அஸ்பிரின் கொடுப்பது அதனால்தான் ஆபத்து. விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம் என்பதால் கோப்பியோ தண்ணீரோ வாயில் ஊற்றவும் கூடாது.

அறிகுறிகளைப் பார்க்க அரை நிமிடம் போதும். சிரிக்கச் சொல்லுங்கள்: வாயின் ஒரு பக்கம் இறங்குகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள்: ஒன்று தாழ்கிறதா? ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள்: குழறுகிறதா, புரியாமல் விழிக்கிறாரா? திடீரென்று பார்வை மங்குவது, தள்ளாடுவது, இதுவரை அறியாத கடும் தலையிடி ஆகியவையும் இதில் சேரும். பெரும்பாலும் வலி இருக்காது. அதுதான் ஏமாற்றுகிறது, நெஞ்சுவலிக்கு ஓடுகிறவர்கள்கூட மரத்துப்போன கைக்கு ஓடுவதில்லை.

சிலருக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். நிம்மதிப்பட வேண்டாம். அது தற்காலிக அடைப்பு. அடுத்து வரும் பெரிய தாக்குதல் பலருக்கு முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வருகிறது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

காரணங்களில் முதலிடம் பிறசருக்கு. 140/90 என்ற அளவைத் தாண்டி வருடக்கணக்கில் நின்றாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது; தெரியாததாலேயே கிளினிக் குளிசையை இடையில் விட்டுவிடுகிறார்கள். தலை சுற்றவில்லை என்பது பிறசர் இல்லை என்பதற்கு ஆதாரமல்ல. சீனி வருத்தம், புகைத்தல், கொழுப்பு, தாறுமாறாகத் துடிக்கும் இதயம் (இதில் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு) எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. கருவாடும் ஊறுகாயும் நம் சாப்பாட்டில் இருக்கிறவரை உப்பின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கச் சொல்கிறது, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்கும் குறைவு. 35 வயதைத் தாண்டியவர்கள் அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிறசரையும் சீனியையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

1990க்கு அழைக்கும்போது "பாரிசவாதம் போல இருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு எடுங்கள். இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் குடிக்கிறவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். வைத்தியர் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்று, கடைசியாக எப்போது நல்லாக இருந்தார் என்பது. இரவு 9 மணிக்குக் கதைத்துவிட்டுப் படுத்தவர் விடிய 5 மணிக்குக் குழறிக்கொண்டு எழும்பினால், கணக்கு 9இலிருந்துதான் தொடங்கும். கடலில் படகில் இருக்கும்போது நோய் தாக்கியவர் என்றால் அந்த நேரம் தெரிந்தவர் படகில் கூடப்போனவர் மட்டுமே. கரை சேர்ந்ததும் அவரையும் அம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.